ஆவுடையோட

ஆவுடையம்மாளின் உள்ளங்கால்களில் வேர் விட்டிருப்பதை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு. புருஷன் போன காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்திருந்த சொந்தங்கள் பந்தல் பிரிக்கும் முன்பே பஸ் ஏறிவிட்ட பிறகு, ஆவுடை தினமும் சாயங்காலம் தன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டவுன் பஸ் கண்டக்டரான திரவியம் கடைசி நடையை முடித்துவிட்டு, தோளில் தொங்கும் தோல்பையோடு தெருமுனையில் திரும்புகிற நேரம் அது. இனித் திரும்ப யாருமில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்துக்கு அங்கே நின்று பழகிய கால்களுக்கு அதை யார் போய்ச் சொல்வது. அப்படி நின்றவள் ஒருநாள் உள்ளே போகவே இல்லை. காலையில் பால் வாங்க வந்த வடிவு, நேற்று பார்த்த இடத்தில் நேற்று பார்த்த மாதிரியே அவள் நிற்பதைக் கண்டாள்.

“என்னளா, விடிஞ்சும் விடியாம வந்து நிக்க?”

“கால் வரல, மயினி.”

“வரலைன்னா? பிடிச்சிக்கிட்டுதா?”

“இல்ல. மண்ணு விடமாட்டேங்கு.”

வடிவு பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அவளுடைய குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீரில் போட்ட வெங்காயத்துக்கு விடுவதுபோல வெள்ளை வெளேரென்று மெல்லிய வேர்கள், பாதம் முழுக்க, மண்ணுக்குள் இறங்கியிருந்தன. வடிவு கத்தவும் இல்லை, சாமியைக் கூப்பிடவும் இல்லை. ஒட்டிக்கொண்ட தோசையைத் திருப்புகிறவள்போல விரலை அடியில் கொடுத்து ஓரத்திலிருந்து மெதுவாக எடுத்தாள். வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்தபோது நுங்குத் தண்ணீர் மாதிரி ஒன்று கசிந்தது. ஆவுடை பல்லைக் கடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தாள். பிறகு வடிவு அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய், கால்களைக் கழுவி, மஞ்சள் பற்றுப் போட்டு, கட்டிலில் படுக்க வைத்து, காலுக்கு இரண்டு தலையணையையும் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், கீழே வைத்த பாலைப் பூனை குடித்துவிட்டுப் போயிருந்தது.

நடுவில் ஓங்கி நின்ற தண்ணீர்த் தொட்டியால் ஊர்க்காரர்கள் டேங்க் காலனி என்று சொல்லும் அந்தக் குடியிருப்பில், மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. காலனிச் சங்கச் செயலாளர் அருணாசலக்கனி தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடி வைத்து ஆவுடையின் பாதங்களைப் பார்த்துவிட்டு, “வேர் நல்ல ஆரோக்கியமா இருக்கு, அழுகல் கிழுகல் கிடையாது” என்றார். நல்ல ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததுபோலப் பெண்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். அவருக்கு இருந்த ஒரே கவலை கேட்டுக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய். “இந்த மாதிரி வேர் குழாயைத்தான் முதல்ல தேடும், தாயி. கொஞ்சம் பாத்து நில்லு” என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியாஸ்பத்திரி டாக்டர் பிரஷர் பார்த்தார், சுகர் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கடைசியில் காலையும் பார்த்துவிட்டு, “ஒரே இடத்துல நிக்கக் கூடாதும்மா, நல்லா நடக்கணும்” என்று வரிசையில் முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொன்னார்.

ஒரு சட்டி பால் பொங்குகிற நேரத்துக்கு மேல் பாதம் மண்ணிலோ தரையிலோ ஒரே இடத்தில் பட்டிருந்தால் வேர் இறங்கிவிடும் என்பதை வடிவு இரண்டொரு நாளில் கண்டுகொண்டாள். கட்டிலில் படுத்தால் ஒன்றுமில்லை. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தால் ஒன்றுமில்லை. ஆனால் துக்கத்தில் இருக்கிற மனுஷிக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்ற நினைவு இருப்பதில்லை. அரிசி களைய நின்றால் அங்கேயே நின்றுவிடுவாள், விளக்கைப் பார்த்து நின்றால் அங்கேயே. அதனால் யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டியிருந்தது. கூட இருப்பதென்றால் கூட நடப்பதுதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த ஊரில் காரணமில்லாமல் ஒரு பெண் தெருவில் நடக்க முடியாது, யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் எதிர்ப்படும் ஒவ்வொருவரும், “எங்க?” என்று கேட்பார்கள், அது ஒரு அன்புதான், அதற்குக் கடை, கோயில், ஆஸ்பத்திரி, இழவு கேட்கும் துஷ்டி வீடு என்று ஏதாவது ஒரு பதில் வேண்டும். வடிவுக்கு சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகிறது. நடக்கச் சொல்லி டாக்டர் திட்டும்போதெல்லாம் அவள் ஒரு வெறும் ஒயர்கூடையைத் தூக்கிக்கொண்டு, கடைக்குப் போகிறவள்போல நடந்து பார்ப்பாள், திரும்பி வரும்போது, “என்ன மயினி, ஒண்ணும் வாங்கலையா?” என்பார்கள்; வெட்கப்பட்டு மறுநாள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். கான்வென்டில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஞானப்பூ மட்டும் தினமும் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தனியாக நடப்பாள். அவளுக்கு விசில் டீச்சர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு.

இப்போது ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு வடிவு முதல்முறையாகத் தெருவில் இறங்கியபோது, ரேஷன் கடை வாசலில் ஒருத்தி வழக்கம்போல, “எங்க மயினி?” என்றாள்.

வடிவு தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். கையில் ஒயர்கூடைகூட இல்லை.

“ஆவுடையோட” என்றாள்.

“அதான, பாத்துக் கூட்டிட்டுப் போங்க” என்று அவள் வழிவிட்டாள்.

ஒரு பதில் கிடைத்துவிட்டது. அந்த ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காலனியின் பெண்கள் ஒவ்வொருவராக வாசலைத் தாண்டினார்கள். முழங்கால் வலிக்காரிகளும், மூச்சு வாங்குகிறவர்களும், பிள்ளை பெற்ற வயிறு இறங்காதவர்களும், வீட்டுக்குள் இருந்தால் மாமியாரிடம் பேச்சு வாங்க வேண்டியிருந்தவர்களும், எங்கே என்று கேட்டால் ஆவுடையோட, எதற்கு என்று கேட்டால் ஆவுடைக்காக என்று, தொட்டியைச் சுற்றி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, மாதா கெபியில் திரும்பி, வாய்க்கால் பாலம் வரை போய் வந்தார்கள். காலைக்கு வடிவு, மத்தியானத்துக்கு மூன்றாவது வரிசைப் பாத்திமுத்து என்று வாய்வார்த்தையாகவே முறை வைத்துக்கொண்டார்கள். ஞானப்பூ டீச்சருக்கு ஓய்வுபெற்ற பிறகு மறுபடியும் ஒரு வகுப்பு கிடைத்தது. “இடது, வலது, பேச்சைக் குறை! ஏ வடிவு, பந்தி விசாரிக்கிற மாதிரி நடக்காத!” என்று விசில் ஊதினாள். அவர்கள் பேச்சையும் குறைக்கவில்லை, நடையையும் கூட்டவில்லை.

முதல் மாதங்களில் ஆவுடை எதுவுமே பேசமாட்டாள். ஒருநாள் பாத்திமுத்து மூச்சிரைக்க, “ஏட்டி ஆவுடை, இப்படி ஊர்ந்தீன்னா உனக்குப் பதிலா எங்களுக்கு வேர் விட்ரும்” என்றபோது, தொண்டையில் எதுவோ அடைத்ததுபோல ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் பதறி நின்று பார்த்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பேச்சு வந்தது. திரவியம் தூக்கத்தில் ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூவுவான் என்றும், “சந்திப்பு எறங்கு, சந்திப்பு எறங்கு” என்று ஒருமுறை அவளையே கட்டிலிலிருந்து இறக்கிவிட்டான் என்றும் சொன்னாள். கடைசி நடை வரும் சாயங்கால நேரத்துக்கு அவளைக் கேட்டருகே விடாமல், கூட்டமாக எதிர்த்திசையில் கூட்டிப்போனார்கள். அந்த நேரம் கடக்கும்வரை வடிவின் விரல்களை அவள் நெரித்துக்கொண்டிருப்பாள். வடிவு கையை உருவிக்கொள்ளமாட்டாள்.

வடிவின் சர்க்கரை இறங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

“ஆவுடை, சார்.”

“சித்த மருந்தா? எந்தக் கடைல கிடைக்கு?”

அதைச் சொல்லிச் சொல்லிப் பாலத்துக்குப் போய்த் திரும்பும்வரை சிரித்தார்கள். ஆவுடைதான் அதிகம் சிரித்தாள். இவர்கள் அவளை நடத்திக்கொண்டு போனார்களா, அவள் இவர்களை நடத்திக்கொண்டு போனாளா என்று அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால், காலனியில் ஒருத்திக்கும் பதில் தெரிந்திருக்காது. அவளுடைய பாதங்கள் தேய்ந்து, காய்த்து, மறுபடியும் வெறும் மனுஷப் பாதங்களாகிக்கொண்டு வந்தன.

அப்போதுதான் வடிவின் மகள் செண்பகாவுக்குக் கல்யாணம் கூடியது.

அழைப்புக் கொடுக்க மாப்பிள்ளையின் பெரியத்தையும் கூட வந்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய், குங்குமச் சிமிழை நீட்டி, பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஆவுடையின் வீட்டுக்கு வந்தபோது பெரியத்தை தெருவிலேயே நின்றுகொண்டாள். வடிவு கேட்டுக்கு இந்தப் பக்கமாக நின்று, சிமிழை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, “அவசியம் வந்துரணும்ளா” என்றாள்.

“வராம இருப்பேனா, மயினி” என்றாள் ஆவுடை.

வரச் சொன்னவள் வரவேண்டாம் என்றும், வருகிறேன் என்றவள் வரமாட்டேன் என்றும் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியும். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

கல்யாணம் திருச்செந்தூரில். முதல்நாள் காலையிலேயே புறப்பாடு. பெண்ணுக்கு ஒரு கார், காலனிக்கு இரண்டு வேன். நடந்து நடந்து ஒரே குடும்பமாகிவிட்டிருந்த காலனியில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் கிளம்பினார்கள். ஆவுடை விடிவதற்கு முன்பே வந்து, அடுக்களையில் நடந்துகொண்டே பூக்கட்டினாள், நடந்துகொண்டே சீர்ச்சாமான்களை எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து இறங்கிய சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினாள். சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது பெண் அலங்காரத்தோடு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். தன் கேட்டை மறித்து நின்ற அந்தக் காரைக் கடந்தால்தான் ஆவுடை வீட்டுக்குப் போக முடியும். மணப்பெண்ணுக்கு எதிரே தான் போய் நிற்கக்கூடாது என்று அவள் இரண்டு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்களுக்கும் நடுவே இருந்த மண்சந்தில் ஒதுங்கினாள். கார் போனதும் போய்விடலாம் என்று, யார் கண்ணிலும் பட்டுவிடாமல் அசையாது நின்றாள்.

கார் போகவில்லை. தேங்காயை ஓங்கிய அருணாசலக்கனியின் கையைப் பெரியத்தை பிடித்துக்கொண்டாள். “எமகண்டம் கழியல, அண்ணாச்சி. கழியட்டும்.” எல்லாரும் ஏறியாகிவிட்டது, ஏறினவர்கள் இறங்கக்கூடாது, அதனால் காரும் வேன்களும் அப்படியே நின்றன, உள்ளே இருந்தவர்கள் பாட்டுப் போடச் சொன்னார்கள், முறுக்கை எடுத்துப் பிரித்தார்கள், யாருக்கோ மல்லிகைப்பூ போதவில்லை என்று கிள்ளிக் கொடுத்தார்கள். முதல் வேனில் ஞானப்பூ டீச்சர் தலைகளைப் பார்த்துவிட்டு, “ஆவுடை எங்க?” என்று கேட்டாள், டீச்சருக்கு இந்தச் சகுனமெல்லாம் கிடையாது. “அவ வடிவு மயினி கூட கார்ல இருப்பா” என்று யாரோ சொன்னார்கள். எப்போதும் அப்படித்தானே. டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

வடிவு காரின் முன்சீட்டில் இருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது சுவர் முடிகிற இடத்தில், சாம்பல் நீலத்தில், ஒரு சேலை நுனி காற்றில் வந்து வந்து போனது. தீபாவளிக்கு ஆவுடைக்கு அவளே எடுத்துக்கொடுத்த சேலை. வடிவுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. விவரமான பிள்ளை, தானாகவே ஒதுங்கிக்கொண்டாள் என்று அவளுக்கு மனசு லேசானது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கேயோ அடுப்பில் பால் பொங்கியிருக்கும். இன்னொரு சட்டியும் பொங்கியிருக்கும். எமகண்டம் கழிந்தது, தேங்காய் உடைந்தது, வண்டிகள் புறப்பட்டன.

மறுநாள் தாலி ஏறுகிற நேரத்தில், கெட்டிமேளத்துக்கு நடுவே, வடிவின் உள்ளங்கால் இரண்டும் குறுகுறுத்தன. புது ஜமுக்காளம் குத்துகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்து வேனிலிருந்து இறங்கியவர்கள் இறங்கியபடியே நின்றார்கள். மண்சந்தில் ஆவுடை நின்றிருந்தாள். கெண்டைக்கால்வரை மண்ணுக்குள் போயிருந்தது. அதற்கு மேலே தோல் பழுப்பேறிச் சொரசொரத்திருந்தது. வடிவு பட்டுச்சேலையோடு மண்ணில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தோண்டினாள். நகம் பெயர்ந்தும் நிறுத்தவில்லை. அருணாசலக்கனி குனிந்து பார்த்துவிட்டு, அவள் தோளைத் தொட்டார். “போதும், தாயி. இனி அறுத்தா ஆள் போயிரும்.” வேர் குழாயைச் சுற்றி வளைத்திருந்தது அவர் கண்ணில் பட்டது. தோண்டிய மண்ணைக் கையால் தள்ளி அதை மூடினார்.

“பத்தடியிலதானளா இருந்தோம். ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?” என்று பாத்திமுத்து அழுதாள்.

“பொண்ணு பொறப்படுத நேரத்துல பின்னால நின்னு கூப்பிடலாமாக்கா?”

வடிவு மண்ணிலிருந்து தலையை நிமிர்த்தாள். “நான் பாத்தேன்ளா. உன் சேலை நுனியைப் பாத்தேன்.”

“தெரியும், மயினி. நீங்க பாத்ததை நானும் பாத்தேன்.” பிறகு, “செண்பகாவுக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதா?” என்று கேட்டாள்.

அதன்பிறகு அவளைப் பார்த்துக்கொள்வதில் காலனி ஒரு குறையும் வைக்கவில்லை. மழைக்குத் தார்ப்பாய் கட்டினார்கள், வெயிலுக்குத் தென்னந்தட்டி. சோறு ஊட்டினார்கள், சோறு குறைந்து குறைந்து, பிறகு தண்ணீர் மட்டும் போதும் என்றாள். முறை வைத்து வந்து பக்கத்தில் நின்றார்கள். நடக்கத்தான் எங்கும் இல்லை. ஆவுடையோட என்று சொல்ல ஆவுடை தெருவில் இல்லாததால், “எங்க?” என்ற கேள்வி மறுபடியும் எல்லாத் திண்ணைகளிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. டீச்சர் விசில் ஊதிப் பார்த்தாள், ஒரு கதவும் திறக்கவில்லை. முழங்கால்கள் வலிக்கத் தொடங்கின. வடிவின் சர்க்கரை ஏறியது. கால்விரலில் ஒரு புண் வந்து ஆறமாட்டேன் என்றது. ஆவுடையின் பேச்சு நின்றது எந்த நாளில் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கடைசி நடை வரும் நேரத்தில் முகம் மட்டும் தெருமுனைப் பக்கம் திரும்பும், அப்படித் திரும்பிய ஒரு சாயங்காலத்தில் அந்த முகத்தின்மேல் பட்டை மூடியது.

வசந்தத்தில் தளிர்த்தாள். பூவரசு ஜாதி என்றார் அருணாசலக்கனி, ஆனால் இலையைக் கிழித்தால் டிக்கெட் கிழிக்கிற சத்தம் வருகிறது என்று பாத்திமுத்து சொன்னாள். மஞ்சளாகப் பூத்தது. வேற்றூரிலிருந்து வந்த ஒருத்தி, விவரம் தெரியாமல், பூத்த மரத்துக்குக் கொஞ்சம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுப் போனாள். அவளுக்கு நின்றுபோயிருந்த வரன் கூடி வந்தது. அடுத்து ஒருத்தி மஞ்சள் பூசினாள், ஒருத்தி கயிறு கட்டினாள், ஒருத்தி சிவப்புச் சேலை சுற்றினாள். சுற்றி வந்தால் நல்லது என்று சொன்னார்கள். அதிகம் சுற்றினால் அதிகம் நல்லது என்றார்கள். “எங்க?” என்று கேட்டால், “மரத்தைச் சுத்த” என்று பதில் இருந்தது. சங்கம் இரண்டு வீட்டுச் சுவரையும் உள்ளே தள்ளிக் கட்டி, மரத்தைச் சுற்றித் தளக்கல் பாவியது. பழைய சுவரில் பின்பக்கமாக ஒரு துண்டு மட்டும் இடிபடாமல் நின்றது. பெண்கள் காலையிலும் மாலையிலும் சுற்றினார்கள். முழங்கால் வலிகள் குறைந்தன, மூச்சு வாங்குவது குறைந்தது. டீச்சர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு தானும் சுற்றினாள். “எப்படியோ நடந்தாச் சரி” என்றாள், யாரையும் பார்க்காமல்.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் சுமங்கலி மரம். கல்யாணத்துக்குப் புறப்படும் கார்களெல்லாம் அங்கே நின்றுதான் போயின. மணப்பெண் இறங்கி வந்து, முதல் குங்குமத்தை அந்த மரத்துக்கு வைத்துவிட்டுத்தான் தன் நெற்றிக்கு வைத்துக்கொண்டாள்.

வடிவு அந்த மரத்துக்குக் குங்குமம் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கல்யாணக் கார் வந்து நிற்கும்போது அவள் மட்டும் மரத்தின் பின்பக்கம் போவாள். எல்லாரும் பூச்சொரிந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில், காற்றே இல்லாவிட்டாலும், தெருப்பக்கம் நீண்டிருக்கும் ஒரு தாழ்ந்த கிளை மெல்ல மெல்லப் பின்வாங்கி, இடிபடாத சுவர்த்துண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கார் போகும்வரை அங்கேயே இருக்கும். வடிவு அதன் நுனியைக் கைபோலப் பிடித்து இழுப்பாள். “முன்னால வாளா. உனக்குத்தான் வச்சிக்கிட்டிருக்காங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. வா.” வராது. முழுப் பலத்தோடு இழுத்தாலும் வராது. நாலு இலைகள் கையோடு வரும்.

அப்படி ஒரு கார் போன ஒரு காலையில், வடிவு அந்த இலைகளை வெறும் ஒயர்கூடையில் போட்டுக்கொண்டு, தளக்கல்லில் சுற்றிக்கொண்டிருந்தவர்களை விட்டு விலகித் தெருவில் இறங்கினாள். புண்பட்ட விரல் தரையில் படாமல், தொட்டியைச் சுற்றி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி நடந்தாள். இடதுகையை உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி, விரல்களை விரித்து வைத்திருந்தாள். ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்த பெண், வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கத்தை, தனியா?”

வடிவு நிற்கவில்லை, நின்றால் கால் குறுகுறுக்கும்.

“ஆவுடையோட” என்றாள்.